தேயிலையின் மணமும் லயத்தின் மணமும்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒன்றாகப் படித்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இப்போது ரொறன்ரோவில் வாழ்கிறார். சில மாதங்களுக்கு முன் விடுமுறையில் வந்தவர், கண்டியில் என் வீட்டில் நான்கு நாட்கள் தங்கினார். ஒரு மாலைப் பொழுதில் வாவிக் கரையோரம் நடந்துகொண்டிருந்தபோது பேச்சு எங்கெங்கோ சுற்றி ஓவியத்தில் வந்து நின்றது. 2020ஆம் ஆண்டு ரொறன்ரோவில் திறக்கப்பட்ட வான்கோ ஒளிக்காட்சியைக் குடும்பத்தோடு பார்த்துவந்த அனுபவத்தை அவர் உற்சாகத்துடன் விவரித்தார். சுவர்களிலும் தரையிலும் வான்கோவின் ஓவியங்கள் ஒளியாக அசைந்தோடும். இசை நாற்புறமும் சூழ்ந்து ஒலிக்கும். பார்ப்பவர் ஓவியத்தின் முன்னால் அல்ல, ஓவியத்துக்குள் நிற்பதாகவே உணர்வார். அந்தக் காட்சி நடந்த கூடம் முன்பு 'ரொறன்ரோ ஸ்டார்' நாளேட்டின் அச்சுக்கூடமாக இருந்ததாம்.

பத்திரிகைத் தொழிலிலேயே தலை நரைத்தவன் நான். எனவே என் மனம் வான்கோவை விட்டுவிட்டு அந்த அச்சுக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டது. "அங்கே மையின் மணம் கொஞ்சமாவது மிஞ்சியிருந்ததா?" என்று கேட்டேன். நண்பர் சற்று யோசித்தார். "அதை ஆர் கவனிச்சது?" என்றார். பிறகு, "மச்சான், இப்படியொண்டு எங்கட கண்டிக்கு எப்ப வரும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அடுத்த இரண்டு நாட்களில் நாங்கள் இருவரும் சென்றுவந்த இரண்டு இடங்கள், அந்தக் கேள்வியையும் என் கேள்வியையும் சேர்த்தே யோசிக்க வைத்தன. அந்த யோசனையே இக்கட்டுரை.

முதலில், பேசப்படும் கலை எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சட்டத்துக்குள் அடங்கிச் சுவரில் தொங்கும் ஓவியமாகவோ, பீடத்தில் நிற்கும் சிற்பமாகவோ இல்லாமல், ஓர் இடத்தையே முழுமையாக எடுத்துக்கொண்டு, அதனுள் நுழைபவரின் கண், காது, மூக்கு, நாக்கு, தோல் அனைத்தோடும் பேச முயல்வது இக்கலை. தமிழில் இதைத் தாபனக் கலை என்றும் நிறுவற் கலை என்றும் எழுதுகிறார்கள். பெயர் எதுவாயினும், இதில் பார்வையாளர் வெளியே நிற்பதற்கு இடமில்லை என்பதே அடிப்படை.

2003ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லண்டன் டேட் மொடர்ன் கலைக்கூடத்தின் பெரிய மண்டபத்தில் ஒலாஃபர் எலியாசன் ஒரு செயற்கைச் சூரியனை ஏற்றிவைத்தார். மஞ்சள் விளக்குகள், மெல்லிய மூடுபனி, கூரை முழுவதும் கண்ணாடி. அவ்வளவுதான். குளிர்காலத்து லண்டன் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து தரையில் மல்லாந்து படுத்துக் கூரையில் தெரிந்த தங்கள் உருவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு வகை.

இன்னொரு வகையை நம் பக்கத்து நிலத்திலேயே காட்டலாம். 2016 டிசம்பரில் தொடங்கிய கொச்சி முசிரிஸ் பியனாலேயில், சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரிட்டா, ஆஸ்பின்வால் வளாகத்தின் பழைய பண்டகசாலை ஒன்றினுள் கடல்நீரைத் தேக்கிவைத்தார். செருப்பைக் கழற்றி, காற்சட்டையை மடித்துக்கொண்டு நீருக்குள் இறங்கி நடந்தால்தான் சுவர்களில் எழுதியிருந்த வரிகளை வாசித்து மறுமுனையை அடைய முடியும். 2015இல் துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே கடலில் மாண்ட அவன் அண்ணன் காலிப்பின் படத்தை யாரும் பார்க்கவில்லை. அந்தப் படமில்லாத பிள்ளைக்கே சுரிட்டா தம் படைப்பைக் காணிக்கையாக்கினார். கடல்வழியாக உயிர் தப்பியோடிய வரலாறு நமக்கும் உண்டல்லவா? கால் நனைய நடந்து படிக்கும் ஒரு செய்தியை நாளிதழின் நான்கு பத்திச் செய்தியால் ஈடுசெய்ய முடியாது என்பதை, செய்தி எழுதியே பிழைத்த நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டிலும் புலன்கள் அனைத்தும் ஈடுபடுகின்றன. ஆனால் முதலாவது நம்மை மகிழ்விக்கிறது. இரண்டாவது நம் மேல் ஒரு சுமையை ஏற்றிவைக்கிறது. மகிழ்வித்தல் குற்றமன்று. எனினும், கண்டி போன்ற ஒரு நிலத்துக்கு இவற்றில் எது தேவை என்பதே என் கேள்வி.

ஏனெனில், ஐம்புலன்களையும் மூழ்கடிக்கும் கலை கண்டிக்குப் புதிதன்று. எசல பெரஹராவை ஒருமுறையேனும் வீதியோரத்தில் அமர்ந்து பார்த்தவருக்கு இது விளங்கும். ஊர்வலம் கண்ணுக்குத் தெரியுமுன்பே சாட்டைகளின் ஓசை காதுக்கு வந்துவிடும். பிறகு கொப்பரை எரியும் தீவெட்டிகளின் புகை, பேரிகைகளின் அதிர்வு, யானைகளின் வாடை. மேளத்தின் ஓசையைக் காதைவிட நெஞ்செலும்பு முதலில் உணரும். கண்டிக்கு அண்மையில் உள்ள தெகல்தொருவக் குகை விகாரைக்குள் நுழைந்தாலும் இதே அனுபவந்தான். மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் காலத்தில் தீட்டப்பட்ட ஜாதகக் கதைகள் பாறைச் சுவரில் பட்டைபட்டையாக ஓடுகின்றன. பூவின் மணமும் எண்ணெய் விளக்கின் புகையும் பாறையின் குளிர்ச்சியும் இல்லாமல் அந்த ஓவியங்களை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலுக்கு வேண்டியவற்றை இந்தக் கண்டிய நாட்டின் கைவினைஞர்களிடையேதான் தேடித் திரட்டினார். கலை வேறு, வாழ்வு வேறு என்று பிரியாத ஓர் உலகத்தையே அவர் அங்கு கண்டார்.

மலையகத் தமிழர்களிடமும் அப்படி ஒன்று உண்டு. அதைப் பேசுவோர்தாம் குறைவு. மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தைச் சொல்கிறேன். கம்பம் ஊன்றி, நாள்தோறும் வழிபட்டு, ரதிக்கும் மதனுக்கும் திருமணம் முடித்து, ஊர்வலமாகச் சுற்றிவந்து, சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிவது வரை, தோட்டம் முழுவதுமே மேடையாகிவிடும். தப்பொலி மலையில் மோதித் திரும்பும். ரதியின் ஒப்பாரியைக் கேட்டு அழும் பெண்கள் அழுவது ரதிக்காக மட்டுமன்று. பார்ப்பவர் யார், ஆடுபவர் யார் என்ற கோடு அங்கே அழிந்துபோகும். மேலை நாட்டுக் கலைக்கூடங்கள் கடந்த நூற்றாண்டில் பெரும் பிரயத்தனத்துடன் கண்டடைந்த ஒன்றை, எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

இனி, நாங்கள் சென்ற இரண்டு இடங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, ஹந்தானை மலையில் உள்ள இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம். 1925இல் எழுப்பப்பட்ட நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றே 2001இல் அருங்காட்சியகமாக மாறியது. பிரமாண்டமான பழைய இயந்திரங்கள், 1867இல் லூல்கந்துரவில் வணிக முறைத் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் பற்றிய நினைவுப் பொருட்கள், மேல் மாடியில் அருந்துவதற்கு நல்ல தேநீர், சன்னல் வழியே கண்டி மலைகளின் காட்சி. நேர்த்தியாகப் பேணப்படும் இடம்; யாரும் பார்க்க வேண்டிய இடம். நண்பர் மகிழ்ந்துபோனார். மரத்தளத்தின் மணத்தையும் தேநீரின் சுவையையும் மீண்டும் மீண்டும் புகழ்ந்தார். எனக்கோ ஒரு குறை இருந்தது. இயந்திரங்கள் இருந்தன, துரைமாரின் உலகம் இருந்தது. அந்த இயந்திரங்களுக்குக் கொழுந்தை ஊட்டிய கைகளின் மணம் என் மூக்குக்கு எட்டவில்லை.

மறுநாள் நண்பரைக் கம்பளைப் பக்கம் அழைத்துச் சென்றேன். அங்கே பீக்கொக் தோட்டத்தில், கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் திறந்துவைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. அது இருப்பது மாளிகையில் அன்று, பழைய லயக் காம்பிராக்களில். தொழிலாளர் பயன்படுத்திய கருவிகள், சமையற் பாத்திரங்கள், இசைக்கருவிகள், அணிகலன்கள், பழைய ஆவணங்கள் ஆகியவை அங்கே சேகரித்து வைக்கப்பட்டுள்ளன. காட்சிப்பொருள்களைவிட அந்தக் காம்பிராதான் என் நண்பரை நிறுத்தியது. குனிந்து உள்ளே நுழைந்தவர் நிமிர்ந்து நின்று நாற்புறமும் பார்த்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று நூல்களில் படிப்பது வேறு; அதற்குள் நின்று, இங்கே ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, பிள்ளை பெற்று, பிணத்தைக் கிடத்தி அழுதது என்று தோலால் உணர்வது வேறு.

என் தாய்வழிப் பாட்டி அப்படிப்பட்ட ஒரு காம்பிராவில்தான் வாழ்ந்து மறைந்தார். பள்ளி விடுமுறைகளில் நான் அங்கே போவேன். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் ஆரவாரம், தகரக் கூரையில் மழை விழும் இரைச்சல், ஈரவிறகின் புகை, மழையில் ஊறிய படங்குச் சாக்கு காயும்போது எழும் வாடை, பீலித் தண்ணீரின் கடுங்குளிர், ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து வெடித்த அவர் விரல்கள் என் கன்னத்தைத் தடவும்போது உராயும். இவையெல்லாம் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. என்னைப் போன்றவர்களின் உடம்பில் இருக்கின்றன, எங்களோடு போய்விடும்.

இதுவே நான் சொல்ல விரும்பும் முதன்மையான விடயம். மலையக மக்களின் வரலாற்றில் எழுத்தால் பதிவானவை பெரும்பாலும் பிறர் எழுதியவை. தோட்டத்துப் பதிவேடுகள், துரைமாரின் நினைவுக் குறிப்புகள், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் என அனைத்திலும் அவர்கள் எண்ணிக்கைகளாகவே வருகிறார்கள். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோறும் பாடல்களைத் தேடித் தொகுக்காமல் விட்டிருந்தால் அந்த மக்களின் குரலும் நம்மை வந்தடைந்திராது. அவர் காதுக்குச் செய்ததை, ஏனைய நான்கு புலன்களுக்கும் செய்யக்கூடிய வடிவம் ஒன்று இன்று நம் கையில் இருக்கிறது. அதுதான் இந்த நிறுவற் கலை. எழுத்து இல்லாத வரலாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான ஏடு வேறில்லை.

இது வெறுங் கனவன்று. வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 2004இல் தா. சனாதனன் மக்களிடமிருந்து திரட்டிய அன்றாடப் பொருள்களைக் கொண்டு ஒரு காட்சியை அமைத்தார். போரையும் இடப்பெயர்வையும் கடந்துவந்த சாதாரணப் பொருள்களே அங்கு வரலாறாயின. மலையகத்திலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சென்று கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைப் பைகளையும் தேயிலைச் சாயத்தையுமே தம் ஊடகமாக்கிக்கொண்டார். பிறருக்கு அது பானம். அவருக்கு அது தம் மக்களின் தோலில் படிந்த நிறம். கொழும்பில் 2013 முதல் கொழும்பஸ்கோப் கலைவிழா நடந்துவருகிறது. 2019 டிசம்பரில் நவீன, சமகாலக் கலைகளுக்கான அருங்காட்சியகம் ஒன்றும் அங்கே தொடங்கப்பட்டது. இவை மகிழ்ச்சிக்குரியவை. ஆயினும், தேயிலையின் கதையைச் சொல்லும் படைப்பைத் தோட்டத்திலிருந்து ஒருவர் சென்று பார்க்க வேண்டுமானால், ஒரு நாள் வேலையையும் பேருந்துக் கட்டணத்தையும் அவர் இழக்க வேண்டும். யாருடைய நினைவால் அந்தப் படைப்பு உருவானதோ, அவர்களே அதைக் காணாதிருப்பது நியாயமா?

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் எழும் என்பதை அறிவேன்.

"கூரை ஒழுகும் மக்களுக்குக் கலை எதற்கு? முதலில் வீடும் காணியும் கொடுங்கள்" என்பது முதலாவது. நியாயமான வாதம். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின் போது கண்டி மாவட்டமும் மலையகமும் மண்சரிவால் பட்ட துயரத்தைப் பார்த்த எவரும் இதை மறுக்க மாட்டார்கள். லயம் ஒழிய வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஏழ்மையின் சின்னம் என்று அதைப் பாதுகாத்து வைக்கச் சொல்லும் பைத்தியக்காரத்தனம் என்னிடம் இல்லை. ஆனால் லயம் ஒழியும் நாளில், அதில் வாழ்ந்த இருநூறாண்டு வாழ்வும் நினைவிலிருந்து ஒழிந்துவிடக் கூடாது. வீடு கேட்பவனின் குரலுக்கு வலுச்சேர்ப்பதே அவனுடைய வரலாறுதான். 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நெடும்பயணத்தை எண்ணிப் பாருங்கள். முன்னோர் நடந்துவந்த பாதையில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தம் கால்களால் மீண்டும் நடந்தார்கள். அது உரிமைக் கோரிக்கை. அதே வேளையில், உடம்பால் நினைவுகூர்ந்த ஒரு மாபெரும் கலைச்செயலும்கூட. கோரிக்கையையும் கலையையும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்பதற்கு அந்தப் பயணமே சான்று.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. "பிறருடைய துன்பத்தை அனுமதிச்சீட்டு வாங்கி முகர்ந்துபார்க்கும் வேடிக்கையாக இது ஆகிவிடாதா?" என்பது. ஆகிவிடக்கூடும். அந்த அச்சம் எனக்கும் உண்டு. இன்றைக்கே மலையகச் சாலைகளில் வாகனத்தை நிறுத்தி, கூடை சுமந்த பெண்களைக் கேட்காமலே படமெடுத்துச் செல்லும் பயணிகள் எத்தனை பேர்! துரைமாரின் பங்களாக்கள் விடுதிகளாகி, பழைய காலத்து வாழ்வைச் சுவைத்துப் பாருங்கள் என்று அழைக்கின்றன. செயற்கைப் புகையும் ஒலிப்பதிவு செய்த மழையுமாக ஒரு லயத்தையும் அந்தச் சந்தையில் கடைவிரித்து வைப்பதென்றால், அப்படியொன்று வராமலிருப்பதே நல்லது.

ஆகவே, யார் செய்வது என்பதே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கும். லயத்தில் பிறந்த பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களில் கலை பயில்கிறார்கள். அவர்கள் கையில் இப்பணி இருக்க வேண்டும். முதிய தொழிலாளர்கள் தகவல் தருவோராக மட்டும் இல்லாமல், உடன் படைப்போராக, உரிய ஊதியம் பெறுவோராக இருக்க வேண்டும். எந்த மணத்தைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கே உரியது. எல்லாவற்றையும் திறந்து காட்டத்தான் வேண்டும் என்பதில்லை. பூட்டிய ஒரு காம்பிராவும் பார்ப்பவரிடம் பேசும்.

என் வேண்டுகோள் மிக எளியது. குடும்பங்கள் புதிய வீடுகளுக்குச் சென்றபின் வெறுமையாகும் லயங்களுள், கண்டிக்கு அண்மையில் உள்ள ஒன்றே ஒன்றை இந்தப் பணிக்கு ஒதுக்கட்டும். பேராதனையும் யாழ்ப்பாணமும் தம் மாணவர்களை அங்கே சேர்ந்து தங்கிப் பணியாற்ற அனுப்பட்டும். பீக்கொக் தோட்டத்து அருங்காட்சியகம் இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருக்கும் செல்வம் அவர்களுக்கு அடித்தளமாகட்டும். தப்படிக்கத் தெரிந்தவர்கள், பழைய பாடல்கள் தெரிந்தவர்கள், கவ்வாத்துக் கத்தியின் பிடியைக் கைப்பழக்கமாக அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்னும் பத்தாண்டுகளில் அவர்களுள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த தமிழர்கள் நம் ஊர்களில் கோயில்களையும் பள்ளிகளையும் புதுப்பிக்கிறார்கள். அவர்களுள் சிலரேனும் இதையும் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

கம்பளையிலிருந்து திரும்பும் வழியில் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பேராதனைப் பாலத்தைக் கடந்தபோது ஹந்தானை மலை மாலை வெயிலில் தெரிந்தது. அதன் அடிவாரத்தில்தான் எங்கள் பல்கலைக்கழகம்.

"நாலு வருஷம் இந்த மலைக்குக் கீழ இருந்தம். ஒரு நாளாவது ஒரு லயத்துக்க போய்ப் பாத்தனாங்களே?" என்றார்.

'நீ போகவில்லை, நான் அங்கிருந்துதான் வந்தேன்' என்று சொல்ல நாவெழுந்தது. சொல்லவில்லை. அந்த நான்கு ஆண்டுகளில் என் பாட்டியின் காம்பிராவைப் பற்றி நானும் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கம் என்று அன்று அதற்குப் பெயரிடத் தெரியவில்லை. அவர் கேட்காததும் நான் சொல்லாததுமாக எங்களுக்கிடையே முப்பது ஆண்டுகள் கிடந்த மௌனத்தை, அந்தச் சிறிய காம்பிரா அரைமணி நேரத்தில் உடைத்துவிட்டது. கலையிடம் இதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.